இளவேனிலில் 5 நாள் ஸ்கூட்டர் பயணம், முழுக்கக் கிராமச் சாலை: வண்டி, சுமை, நேரம்

#1 பச்சைவயல்

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலம் முடிந்த கையோடு 5 நாள் ஸ்கூட்டரில் போகத் திட்டம். வண்டி 125 சி.சி., ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10 அங்குலம், இரண்டும் டியூப்லெஸ், இரண்டும் டிரம் பிரேக். ஓடிய தூரம் 19,000 கி.மீ. கடைசி மூன்று மாதம் பெரும்பாலும் நின்றேதான் இருந்தது. பின்னால் ஆள் கிடையாது.

மொத்தம் 900 கி.மீ., நெடுஞ்சாலையைத் தொடாமல் வயல்வெளிச் சாலைகள். மூன்றாம் நாள் 1,100 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். நாளுக்கு 180 கி.மீ. என்று சமமாகப் பிரித்திருக்கிறேன். விடியும்போதே கிளம்பி மதியத்துக்குள் ஓட்டத்தை முடித்துவிடலாம் என்று எண்ணம். சுமை 18 கிலோ வரும், எல்லாவற்றையும் பின்பெட்டியில் போடலாமா? கிளம்பும் முன் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

#2 கிளட்ச்பெல்

19,000 என்றதும் முதல் கேள்வி, இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் எப்போது மாற்றியது? பல 110, 125 சி.சி. வண்டிகளில் 20,000 முதல் 25,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். ஊருக்குள் ஓடும்வரை தேய்ந்த பெல்ட் தன்னைக் காட்டிக்கொடுக்காது. சுமையோடு ஒரு மணி நேரம் ஏற்றம் ஏறினால் உள்ளே சூடு கூடும், அப்போதுதான் அறும். அறுந்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. துண்டு புல்லிக்குள் (பெல்ட் சுற்றும் சக்கரம்) சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

ஆகவே இடது பக்க மூடியைத் திறந்தே தீர வேண்டும். பெல்ட்டைப் பற்கள் வெளியே தெரியும்படி திருப்பி வளைத்துப் பாருங்கள். பல்லின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றுங்கள். பக்கவாட்டு முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அகலத்தை வெர்னியரில் அளந்து கையேட்டில் உள்ள தேய்மான எல்லையோடு ஒப்பிடுங்கள். முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்களையும் உருட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் ஆறையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி உதறும்.

திரும்பப் பூட்டும்போது நடக்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். முன்புல்லியின் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் பெல்ட் நெரிபட்டிருக்கும் நிலையில் நட்டை முறுக்கினால், டார்க் ஸ்பேனர் சரியான அளவைக் காட்டும். ஆனால் அந்த இறுக்கம் பெல்ட்டின் மேல் விழுந்த இறுக்கம். நாலு கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட் இடம் மாறி நட்டு தளரும், தண்டின் பற்கள் அரைபடும். பின்புல்லியைக் கையால் விரித்து பெல்ட்டை அதில் ஆழமாக இறக்கிவிடுங்கள். முன்பக்கம் தொளதொளவென்று ஆன பிறகு நட்டை முறுக்குங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசைக்கு வைக்கவும். எண்ணெய்க் கையோடு பெல்ட்டைத் தொட வேண்டாம்.

கழற்றிய பழைய பெல்ட்டில் விரிசல் இல்லையென்றால் எறியாதீர்கள், டிக்கியின் (சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி) அடியில் போட்டு வையுங்கள். சிற்றூர்ப் பட்டறையில் புல்லியைப் பிடிக்கும் கருவி இருக்கும். உங்கள் வண்டிக்குரிய பெல்ட் இருக்கும் என்று நம்ப முடியாது.

மற்றவை சுருக்கமாக:

இன்ஜின் ஆயில் எப்படியும் 0.7, 0.8 லிட்டர்தான் கொள்ளும், அதனால் 100 மி.லி. குறைந்தாலே பெரிய குறைவு. ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்குள் இல்லை என்பதால் ஜப்பானியத் தரக்குறியீடான ஜாசோ எம்.பி. ஆயில் பொருத்தம். அளவு பார்க்கும்போது சென்டர் ஸ்டாண்ட், சமதளம், இன்ஜினை நிறுத்தி 3 நிமிடம். அளவுகோலைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பாருங்கள், இதில் தவறினால் அளவே தப்பு.

பின்சக்கர கியர் ஆயிலை எல்லோரும் மறப்பார்கள். 100 முதல் 120 மி.லி. சமாச்சாரம், மாற்றிவிடுங்கள்.

பேட்டரி: இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது. 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டு மறுநாள் மறுபடி அளக்க வேண்டும். ஓடும்போது சுமார் 14 வோல்ட் வர வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பே பேட்டரியில்தான் ஓடுகிறது, தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழியும் ஸ்கூட்டரில் இல்லை.

டிரம் பிரேக்: நெம்புகோலில் 10 முதல் 20 மி.மீ. வெற்றாட்டம் (பிரேக் பிடிக்கும் முன் சும்மா நகரும் தூரம்). அழுத்திப் பிடிக்கும்போது டிரம்மின் மேல் உள்ள தேய்மான அம்பு கோட்டைத் தொட்டால் டிரம்முக்குள் உரசும் ஷூவை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கேபிளை இறுக்கி அந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

#3 நெடுவழி

வண்டியைப் பற்றி கிளட்ச்பெல் அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் திட்டத்தில் இரண்டு இடம் உதைக்கிறது: சமமாகப் பிரித்த 180, பிறகு விடியற்காலைப் புறப்பாடு.

தூரம் முதலில். 125 சி.சி. ஸ்கூட்டர் சுமையோடு நிம்மதியாக ஓடும் வேகம் 50 முதல் 55. வளைவு, ஊர், டிராக்டர், ஆட்டு மந்தை எல்லாம் கழித்துப் பார்த்தால் கிராமச் சாலையில் சராசரி 35-தான் நிற்கும். 180 கி.மீ. என்றால் இருக்கையில் மட்டும் 5 மணி நேரத்துக்கு மேல். 50 கி.மீ.க்கு ஒரு தடவை 15 நிமிடம் இறங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் ஸ்கூட்டரில் கால் நீட்டி உட்காரும் நிலை இடுப்பெலும்பின் மேல் முழு எடையையும் போடுகிறது, குழியின் அடி நேராக முதுகுக்குப் போகிறது. சாப்பாடு, பெட்ரோல் சேர்த்தால் 7 மணி நேரம் கடந்துவிடும்.

5 நாள் கையில் இருந்தால் 4 நாளுக்குத்தான் தூரம் வையுங்கள். அந்த ஐந்தாவது நாள் மழைக்கும் பஞ்சருக்கும் உரியது. நாளுக்கு 140, 150 என்று வைத்து வட்டத்தைச் சுருக்குங்கள், மொத்தம் 600-க்குள் வரட்டும். கணவாய் நாளில் 110 போதும். முதல் நாளும் சிறிதாக இருக்கட்டும், சுமைக் கட்டு எங்கே நழுவுகிறது என்பது அன்றுதான் தெரியும்.

#4 விடிவெள்ளி

விடியற்காலையில் கிளம்புவதில் என்ன குறை? சாலை காலி, காற்று இல்லை, மதியத்துக்கு மேல் வரும் இடிமழைக்கு முன்னால் தங்குமிடம் போய்விடலாம். கோடையில் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்.

#5 வடகாற்று

கோடைக்குச் சரி. இளவேனிலில் அதே கணக்கு கவிழ்த்துவிடும். இந்தப் பருவத்தில் ஒரே சாலை காலை 7 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு வேறொன்று.

இரவின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு இல்லை, சூரியன் உதிக்கும் தறுவாய்தான். வெப்பமானி 3 டிகிரி காட்டினாலும் தெளிந்த வானத்தின் கீழ் தரை அதைவிடக் குளிர்ந்து உறைபனி படியும். பாலங்கள் முதலில் உறையும், அடியிலும் காற்று போவதால். அடுத்தது மரநிழல் விழும் பள்ளங்கள். பகலில் உருகிய பனிநீர் சாலையின் குறுக்கே ஓடியிருந்தால் இரவில் அதே இடம் கண்ணாடிப் படலம். கார் அதில் கொஞ்சம் நெளிந்து தப்பும். 10 அங்குலச் சக்கரம் நெளிவதற்கு நேரம் தராது.

உடம்புக்கும் கணக்கு உண்டு. 10 டிகிரி காற்றில் 50 கி.மீ. வேகம் என்றால் தோலுக்கு அது 5, 6 டிகிரி மாதிரி. 5 டிகிரியில் அதே வேகம் சுழியத்துக்குக் கீழே போய்விடும். விரல் மரத்தால் பிரேக்கை அளந்து பிடிக்க வராது.

சூரியனையும் மறக்கக் கூடாது. வடகோளத்தில் மார்ச் 20 வாக்கில், தென்கோளத்தில் செப்டம்பர் 22, 23 வாக்கில், சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது. கிழக்கு மேற்காகப் போகும் சாலையில் காலை முதல் ஒரு மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும் அது கண்ணுக்கு நேராக நிற்கும். காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் போகும்படி வட்டத்தைத் திருப்பி வைத்தால் உங்கள் கண் தப்பும். ஆனால் எதிரே வருபவரின் கண்ணில் அதே சூரியன் இருக்கிறது, நீங்கள் அவருக்குத் தெரியவே மாட்டீர்கள். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்தால் சந்திப்புகளில் நின்று போங்கள்.

மான், பன்றி போன்றவை நடமாடுவதும் விடியலிலும் அந்தியிலும்தான். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பி, மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நிறுத்துவதுதான் இந்தப் பருவத்தின் நேரம். விடிவெள்ளி சொல்லும் இடிமழை உண்மைதான், ஆனால் வெயில் ஏறி மேகம் திரள நேரம் எடுக்கும். நெடுவழி சொன்ன 140 கி.மீ. என்றால் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

#6 விடிவெள்ளி

பாலம் உறையும் விஷயத்தையும் நிழலையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. கடல் மட்டத்தை ஒட்டிய, உறைபனியே விழாத பகுதிகளுக்கு விடியல் புறப்பாடு சரி என்று திருத்திக்கொள்கிறேன். கணவாய் இருக்கும் திட்டத்துக்குப் பொருந்தாது.

#7 கிளட்ச்பெல்

18 கிலோ பின்பெட்டியில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது.

பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பின்தாங்கிக்கு விதித்த எடை 3 முதல் 5 கிலோ, சீட்டுக்கு அடியில் 10 கிலோ. ஸ்டிக்கரில் அச்சிட்டே இருக்கும். தாங்கி உடைவது மட்டும் பிரச்சினை இல்லை. இரண்டு அச்சுக்கும் இடைவெளி 1,250 மி.மீ. என்று வையுங்கள். பின் அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் 10 கிலோ தொங்கினால் முன்சக்கரத்திலிருந்து 2.4 கிலோ குறைகிறது, பின்சக்கரத்துக்கு 12.4 கிலோ ஏறுகிறது. அதே 10 கிலோவை ஃபுட்போர்டில், பின் அச்சுக்கு 600 மி.மீ. முன்னால் வைத்தால் முன்சக்கரத்துக்கு 4.8, பின்சக்கரத்துக்கு 5.2. முன்பக்கம் லேசானால் 60-லிருந்து வேகம் குறையும்போது ஹேண்டில் படபடக்கும், ஈரத் தரையில் முன்சக்கரம் பிடிப்பை விடும்.

எனவே கனமானவை (கருவிகள், பூட்டு, தண்ணீர்) ஃபுட்போர்டில், தரையை ஒட்டி. துணிமணி சீட்டின் பின்பாதியில், நீளவாக்கில், உங்கள் இடுப்பை ஒட்டி. பின்பெட்டியில் மழைக்கோட்டும் தூக்கப் பையும் மட்டும். ஃபுட்போர்டுப் பையை வைத்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பிப் பாருங்கள். அவசரத்தில் கால் ஊன்றும்போது பையில் இடறக் கூடாது, ஆகவே பை நடுவில் இருக்க வேண்டும், அகலம் 25 செ.மீ.க்குள்.

எலாஸ்டிக் கயிறு மட்டும் போதாது. அது குழியில் நீளும், பை துள்ளும். கொக்கி தெறித்தால் கண்ணுக்கு வரும். பற்பிடி போட்ட நெசவுப் பட்டை இரண்டு, குறுக்காக. மிச்ச நுனியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். தொங்கும் நுனி பின்சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

டிக்கியின் அடியில் இன்ஜின் சூடு வரும். மருந்து, சாக்லேட், பவர்பேங்க் அங்கே வேண்டாம்.

#8 பச்சைவயல்

மிக்க நன்றி. எடைக் கணக்கைப் பார்த்த பிறகு பெட்டி வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். டயர் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? பஞ்சருக்கு என்ன எடுத்துப் போவது? சாலையில் இந்தப் பருவத்தில் குறிப்பாக எதைப் பார்த்துப் போக வேண்டும்?

#9 வடகாற்று

சாலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய மணலும் பொடிக்கல்லும் இன்னும் கூட்டியிருக்க மாட்டார்கள். கார் சக்கரங்கள் அதைத் தள்ளித் தள்ளி இரண்டு தடத்துக்கு நடுவிலும் வளைவின் ஓரத்திலும் சேர்த்து வைத்திருக்கும். ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் பழக்கத்தில் ஓரமாகப் போவார்கள். இந்தப் பருவத்தில் கார் சக்கரத் தடத்திலேயே போங்கள், அதுதான் சுத்தமான பகுதி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் வைத்துக் கடக்க வேண்டும்.

தண்ணீர் தார் விரிசலுக்குள் போய் உறைந்து விரிந்து, பிறகு உருகி, மேல் வண்டி ஏறினால் தார் பெயர்ந்துவிடும். அதனால்தான் குளிர் விட்டதும் புதுக் குழிகள். சென்ற இலையுதிர் காலத்தில் பார்த்த சாலை என்று நம்பிப் போக முடியாது. தேங்கிய நீர் எதுவாக இருந்தாலும் அடியில் குழி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாத குழி என்றால் முன்கூட்டியே பிரேக் பிடித்துவிட்டு, சக்கரம் குழியில் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன் ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி முழுக்க ரிம்முக்கு.

உழவுக் காலம் என்பதால் வயலிலிருந்து டிராக்டர் ஏறும் வாயில்களில் சாலை முழுக்கக் களிமண். காய்ந்திருக்கும்வரை தொல்லை இல்லை. தூறல் விழுந்த முதல் பத்து நிமிடம் அது சோப்பு. தூரத்திலேயே சாலையின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள், தடம் எந்த வாயிலிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அங்கே இன்னொரு டிராக்டர் மெதுவாக வெளியே வந்துகொண்டிருக்கலாம்.

ஹெல்மெட் கண்ணாடியில் மகரந்தமும் பூச்சியும் அப்பும். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், மாலை வெயிலில் அந்தக் கீறல்கள் பார்வையை மறைக்கும். ஈரத் துணியை 2 நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள். பூ பூத்த தோட்டங்களைக் கடக்கும்போது கண்ணாடி மூடியே இருக்கட்டும், கழுத்தில் துணிக் குழாய் ஒன்று. தேனீ உள்ளே போனால் அடிக்காமல், ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றுவதுதான் வழி.

#10 கிளட்ச்பெல்

டயர். காற்று அளவை நான் சொல்ல மாட்டேன், ஸ்டிக்கரில் உள்ளதுதான் அளவு. ஒருவர், இருவர் என இரண்டு அளவு இருக்கும். 18 கிலோ சுமைக்குப் பின்சக்கரத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு வைக்கலாம், முன்சக்கரத்தில் மாற்றம் வேண்டாம். பிடிப்பு வேண்டும் என்று காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. சிறிய சக்கரத்தில் அது தவறு. ஓரச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், குழியில் ரிம் வளையும்.

அளப்பது காலையில், ஓட்டுவதற்கு முன். வெப்பநிலை 7 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும். 22 டிகிரி உள்ள கொட்டகையில் நிரப்பிவிட்டு 2 டிகிரி காலையில் கிளம்பினால் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. குறைவாகப் போகிறீர்கள். பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, பேனா அளவு மீட்டர் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சருக்கு: துளைபெருக்கி (துளையை அகலமாக்கும் கருவி), திரியைச் செலுத்தும் ஊசி, துளையை அடைக்கும் பசைத்திரி 5, சிறு கத்தி, குறடு. ஆணியைப் பிடுங்கும் முன் அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், துளைபெருக்கி அதே சாய்வில் போக வேண்டும். திரியை முக்கால் பங்கு உள்ளே செலுத்தி, ஊசியை வெடுக்கென்று இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். வெளியே 3, 4 மி.மீ. விட்டு வெட்டிவிட்டு எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஓரச்சுவரில் துளை என்றால் திரி போட்டு ஓட்டக் கூடாது, வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

காற்றுக்கு: வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் கம்ப்ரசரை நம்பாதீர்கள். அது 8, 10 ஆம்பியர் கேட்கும், பல ஸ்கூட்டர் சாக்கெட்டுகள் 1, 2 ஆம்பியருக்குத்தான் கட்டியவை, ஃபியூஸ் போகும். சொந்த பேட்டரி உள்ளது வாங்குங்கள், அல்லது சைக்கிள் கைப்பம்பு. 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று இந்த அளவு டயரை 20 பி.எஸ்.ஐ. வரைதான் கொண்டுவரும், ஆகவே குறைந்தது இரண்டு.

பின்சக்கரத்தைக் கழற்றும் எண்ணம் இருந்தால், பல வண்டிகளில் சைலன்சரை முதலில் இறக்க வேண்டும். வீட்டிலேயே எந்த ஸ்பேனர் எங்கே பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு அவற்றை மட்டும் எடுங்கள். 8, 10, 12, 14, அச்சு நட்டுக்கு உரியது, பிளக் ஸ்பேனர். முழு டூல்கிட் வீண் கனம்.

#11 மலைப்பாதை

கணவாயைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை.

ஏற்றம்: ஆயிரம் மீட்டர் ஏறினால் இன்ஜினின் வலு பத்தில் ஒரு பங்கு குறையும், வெப்பநிலை 6.5 டிகிரி இறங்கும். கீழே 12 டிகிரி என்றால் உங்கள் கணவாயில் 5-ஐ ஒட்டி நிற்கும். ஏறும் முன்பே உடை மாற்றிக்கொள்ளுங்கள், நடுங்க ஆரம்பித்த பிறகு கோட்டு போட்டால் சூடு திரும்ப நேரமாகும். செங்குத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போவதுதான் கிளட்ச்சுக்குக் கெடுதல். அந்த வேகத்தில் கிளட்ச் ஷூ பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உரசிக்கொண்டே இருக்கும், மினுங்கல் ஏறும், பிறகு கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும். 25, 30-க்கு மேல் வைத்து ஏறுங்கள். சரிவில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், அதற்குப் பிரேக் இருக்கிறது.

இறக்கம்: ஸ்கூட்டரில் இன்ஜின் பிரேக் உண்டு, ஆனால் கிளட்ச் ஒட்டியிருக்கும்வரைதான். ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி வேகம் 15, 20-க்குக் கீழே வந்தால் கிளட்ச் விட்டுவிடும். அந்த நொடியில் வண்டி சைக்கிள் மாதிரி உருண்டு ஓட ஆரம்பிக்கும். பழக்கமில்லாதவர்கள் கொண்டை ஊசி வளைவில் பயப்படுவது இதனால்தான். சற்றே ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கிளட்ச் பிடிக்கும், பிறகு மூடினால் இன்ஜின் மறுபடி இழுத்துப் பிடிக்கும். இதை வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில் பத்துத் தடவை செய்து பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டும் டிரம் என்றீர்கள். தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவிலிருந்து விலகும், நெம்புகோல் கைப்பிடி வரை வந்துவிடும். அழுத்தமாக 2, 3 வினாடி பிடி, வேகத்தைக் கொட்டு, முழுக்க விடு. இந்தத் தாளத்தில் இறங்க வேண்டும். கருகிய வாசனை வந்தால் நின்று 15 நிமிடம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூடாக இருக்கும்போது கேபிளை இறுக்கவும் வேண்டாம், ஆறியதும் டிரம் சுருங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கிளம்பும் முன் கணவாய் திறந்திருக்கிறதா என்று உள்ளூர் சாலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். அடிவாரத்தில் பூ பூத்திருப்பது மேலே பனி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

#12 பழையகியர்

இரண்டு ஸ்ட்ரோக் கியர் ஸ்கூட்டரில் இதே வழியைப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. பெட்ரோலோடு ஆயில் கலக்கும் வண்டியில் 2 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 5 லிட்டருக்கு 100 மி.லி. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்திருந்தால் இன்ஜின் வேகமாகச் சுழலும், ஆனால் பெட்ரோல் போகாததால் ஆயிலும் போகாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குங்கள். கிளட்ச், கியர் கேபிள்களுக்கு மாற்று உள்கம்பி ஒவ்வொன்றும், அதன் குண்டு முனைகளும், கூடவே மாற்று பிளக் ஒன்றும் இருக்கட்டும்.

#13 மின்வண்டி

பேட்டரி ஸ்கூட்டரில் இந்த மாதிரி வட்டம் சாத்தியமா? 3 கிலோவாட் மணி பேட்டரி, 750 வாட் சார்ஜர்.

#14 நெடுவழி

சாத்தியம், ஆனால் நாளின் வடிவமே மாறும். கி.மீ.க்கு 30 முதல் 35 வாட் மணி செலவு என்றால் 85 முதல் 100 கி.மீ. தூரம். ஆளும் சுமையும் வண்டியும் 200 கிலோ என்றால் 500 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் 0.27 கிலோவாட் மணி, இழப்பைச் சேர்த்தால் 0.33. அதாவது ஒவ்வொரு 500 மீட்டர் ஏற்றமும் உங்கள் தூரத்தில் சுமார் 10 கி.மீ.யை எடுத்துக்கொள்ளும். இறக்கத்தில் கொஞ்சம்தான் திரும்ப வரும்.

750 வாட் என்றால் காலியிலிருந்து நிரம்ப 4 மணி நேரத்துக்கு மேல். ஆகவே காலையில் 60 கி.மீ., மதியம் 2 மணி நேரம் செருகல், மாலையில் 40. இரவில் வண்டியைக் கூரைக்கு உள்ளே வையுங்கள், சுழியத்துக்குக் கீழே பல பேட்டரிகள் சார்ஜையே ஏற்காது. தங்குமிடத்தில் எத்தனை ஆம்பியர் பிளக் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

#15 பச்சைவயல்

திருத்திய திட்டம்: மொத்தம் 570 கி.மீ. 120, 150, 110 (கணவாய்), காலி நாள், 190. காலை 9 மணிக்குக் கிளம்பி மாலை 4.30-க்குள் நிறுத்தம். டேங்க் 5.5 லிட்டர், லிட்டருக்கு 45 கி.மீ. என்று 240 கி.மீ. போகும், ஆகவே 200 கி.மீ.க்கு ஒரு தடவை பெட்ரோல். பெல்ட்டை மாற்றக் கொடுத்துவிட்டேன். மழைக்கு ஏதாவது சொல்லுங்கள்.

#16 நெடுவழி

கடைசி நாள் 190 வேண்டாம். களைப்பு சேர்ந்திருக்கும், வீடு போகும் அவசரமும் இருக்கும். காலி நாளில் 60 தள்ளிவிடுங்கள். அன்று மழை கொட்டினால் ஐந்தாம் நாள் நேர் வழியில் வரலாம், அந்த நேர் வழியையும் இப்போதே குறித்து வையுங்கள்.

200-க்கு ஒரு தடவை என்பதும் இறுக்கம். எதிர்க்காற்றும் சுமையும் ஏற்றமும் சேர்ந்தால் 45 என்பது 38 ஆகும், அப்போது 5.5 லிட்டர் 210-ஐ எட்டாது. கிராமத்துப் பங்க் சீக்கிரம் மூடும், ஞாயிறு திறக்காமலும் போகலாம். 120 கி.மீ. தாண்டியதும் கண்ணில் படும் முதல் பங்கில் நிரப்புங்கள்.

மழைக்கு: பையின் வாயை மூன்று சுற்று சுருட்டினால்தான் நீர் புகாது. இரண்டு போதாது. அதற்குள் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று. முதலில் மழைக் கால்சட்டை, பிறகு மேல்கோட்டு. கையுறையின் மணிக்கட்டு கோட்டின் கைக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருந்தால் கையில் வழியும் நீரெல்லாம் கையுறைக்குள் இறங்கும். உலர்ந்த கையுறை ஒரு ஜோடி கூடுதலாக, அதைத் தொடாமல் வையுங்கள்.

#17 கிளட்ச்பெல்

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று. சாலையில் நீர் ஓடினால் சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் ஆழம் போகும் இடத்தில் இறங்காதீர்கள். பெல்ட் பெட்டியின் காற்றுத் துளை வழியாக நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் வேகம் ஏறாது. அப்போது முறுக்கி முறுக்கி ஓட்டாமல், சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பெல்ட் பெட்டியின் அடியில் வடிகுழாய் இருந்தால் அதன் மூடியைத் திறந்து வடியவிட்டு, மெதுவான வேகத்தில் சில நிமிடம் ஓட விடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியிலும் ஒளி ஊடுருவும் சிறு குழாய் ஒன்று தொங்கும். அதில் நீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் மூடியைக் கழற்றிக் கொட்டிவிட வேண்டும். நீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்து 100 மீட்டர் ஓட்டினால் டிரம் காய்ந்துவிடும்.

பெல்ட் மாற்றி வாங்கியதும் நேரே கிளம்ப வேண்டாம். பழைய சாலையிலேயே 100 கி.மீ. ஓட்டுங்கள், நிற்கும்போது புது ஒலி வருகிறதா, மூடியின் போல்ட் எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். அதில் கடைசி 30 கி.மீ.யை முழுச் சுமையோடு ஓட்டிவிட்டு, தாங்கி நட்டுகளை இறுக்கி, முகப்பு விளக்கின் ஒளியைச் சுவரில் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கியிருப்பதால் ஒளி மேலே ஏறியிருக்கும், கீழே இறக்க வேண்டும். பயண முதல் நாள் 20 கி.மீ. ஆனதும் ஒரு தடவை நின்று பட்டைகளை மறுபடி இறுக்குங்கள், துணிப்பை அதற்குள் அமுங்கித் தளர்ந்திருக்கும். வலது பக்கம் சைலன்சருக்கும் துணிப்பைக்கும் நடுவில் ஒரு கையளவு இடைவெளி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.